பெரியம்மாவிடம் அட்டை இருக்கிறது, பட்டியலில்தான் பெயர் இல்லை

வாக்காளர் பட்டியலில் பெரியம்மா பெயர் விடுபட்டுப்போனதைப் பற்றி நேற்று எழுதியதற்குக் கீழே ஒரு அண்ணன் போட்டிருந்த கருத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஒழுங்கான கார்டு இருக்கிறவங்களுக்கு என்ன பயம்? ஆதாரைச் சேர்த்து, பூத்துல கைரேகை வெச்சாத்தான் கள்ள ஓட்டு அடங்கும்." அதற்கு விருப்பம் போட்டவர்களில் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டுக்கு வந்து பெரியம்மா கையால் சாப்பிட்டவர்கள். ராத்திரி தூங்கவே முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அண்ணே, கார்டு இருக்கிறது. லேமினேஷன் ஓரம் பிரிந்துபோய், முகம் பாதி மங்கிப்போய், ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு மஞ்சப்பையில் வைத்திருக்கிறார். ஆதாரும் இருக்கிறது, போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக்கும் இருக்கிறது. 2025 டிசம்பர் 19-ஆம் தேதி வந்த வரைவு வாக்காளர் பட்டியலில் பெயர்தான் இல்லை. கண்புரை ஆபரேஷனுக்காக மூன்று மாதம் திருப்பூரில் மகள் வீட்டில் இருந்தார். பட்டியலைத் திருத்த வீடு வீடாகப் படிவம் கொடுத்து வாங்கிய சமயத்தில் கதவு பூட்டியிருந்தது, படிவம் திரும்பி வரவில்லை, 'இடம்பெயர்ந்தவர்' என்று போட்டுவிட்டார்கள். நீங்கள் கேட்கிற கார்டு அத்தனையும் அவர் கையில் இருந்தும் பட்டியலில் ஆள் இல்லை. இதைத்தான் நேற்றும் சொன்னேன்.

பூத்தில் அடையாளம் கேட்காமலா விடுகிறார்கள்? டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், 1993-ல் புகைப்பட அட்டை வந்தது. அது கையில் இல்லையென்றால் ஆதார், பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ், பான் கார்டு, நூறு நாள் வேலை அட்டை என்று ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். வெறும் பூத் சிலிப் மட்டும் போதும் என்பதை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். முதல் அதிகாரி பெயரைச் சத்தமாக வாசிக்க வேண்டும், கட்சி ஏஜென்ட்டுகள் தங்கள் பட்டியலில் பார்த்துக் கோடு போடுவார்கள், சந்தேகம் என்றால் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அப்புறம்தான் மை, கையெழுத்து எல்லாம். இத்தனையும் பட்டியலில் பெயர் இருக்கிறவருக்குத்தான். பெயர் இல்லையென்றால் பத்து கார்டு காட்டினாலும் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள்.

"அப்போ கள்ள ஓட்டு போடலாம்கிறீங்களா?" என்று இன்னொருவர். என்னிடம் இதைக் கேட்காதீர்கள். 2011-ல் என் ஓட்டையே யாரோ போட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் அரை நாள் அனுமதி வாங்கி, வெயிலில் ஒன்றரை மணி நேரம் நின்று உள்ளே போனால், "உங்க ஓட்டு ஏற்கெனவே விழுந்துடுச்சேம்மா" என்றார்கள். என் அட்டை என் கையில்தான் இருந்தது. பட்டியலிலும் என் போட்டோ இருந்தது. யார் முகத்தைப் பார்த்து அனுப்பினார்கள்? ஏஜென்ட்டுகள் நான்கு பேரும் குனிந்துகொண்டார்கள். தேர்தல் நடத்தை விதி 49P-யின்படி டெண்டர் ஓட்டு என்று வாக்குச்சீட்டில் போடலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது, அங்கே இருந்த யாரும் சொல்லவும் இல்லை. அதைத் தனி உறையில்தான் வைப்பார்கள், சாதாரணமாக எண்ணவும் மாட்டார்கள் என்று பின்னால் படித்தேன். சுத்தமான விரலோடு வீட்டுக்கு வந்தேன். அந்த அவமானம் எனக்குத் தெரியும். ஆனால் அதற்குக் காரணம் நான் கார்டு காட்டாததா? இல்லையே. காட்டுகிற முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

சரி, கைரேகைக்கு வருகிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் முப்பத்தைந்து வருஷம் பீடி சுற்றிய கை பெரியம்மாவுடையது. விரல் நுனியெல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். ரேஷன் கடை மிஷினில் ஒவ்வொரு மாதமும் இதே கதைதான். கட்டைவிரலை வைப்பார், விழாது. சேலையில் துடைத்துவிட்டு வைப்பார், தலைமுடியில் தேய்த்துவிட்டு வைப்பார், பத்து விரலையும் மாற்றி மாற்றி வைப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். "நாளைக்கு வா ஆச்சி" என்று அனுப்பிவிடுவார்கள், மறுநாளும் போவார். அரிசிக்கு மறுநாள் உண்டு. ஓட்டுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மறுநாள் கிடையாது. கைரேகை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், எந்த விரலை நினைத்து எழுதினீர்கள்?

செத்தவர்கள் பெயரை எடுக்க வேண்டாமா, இரண்டு இடத்தில் இருப்பதை நீக்க வேண்டாமா என்றால், வேண்டும். அதில் எனக்குச் சண்டையே இல்லை. தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் விடுபட்டவை 97 லட்சத்துக்கும் மேல். அதில் 66 லட்சத்துக்கும் மேல் இடம்பெயர்ந்தவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் வருகிறார்கள். வாடகை வீடு மாறியவர்கள், திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள், பிள்ளை வீட்டில் கொஞ்ச நாள் தங்கப் போனவர்கள். இதில் எத்தனை பெரியம்மாக்கள் இருக்கிறார்கள் என்று கேட்டால் தேசத்துரோகமா? படிவத்தோடு வீட்டுக்கு வந்த பி.எல்.ஓ.வையும் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நான் குறை சொல்லவில்லை. அங்கன்வாடி வேலையையும் பார்த்துக்கொண்டு இதையும் சுமந்த பெண் அவர்.

"உங்க பெரியம்மாதான் கவனமா இருந்திருக்கணும்" என்றதற்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர் எதைக் கவனிப்பார்? 1977-ல் முதல் ஓட்டு போட்டவர். ஒரு தேர்தலையும் விட்டதில்லை. பெரியப்பா இறந்த பதினேழாம் நாள் ஓட்டு வந்தது, அன்றைக்கும் போய்ப் போட்டுவிட்டு வந்தார். இப்போது அவருக்கு 71 வயது, பெயரைச் சேர்க்கப் படிவம் 6 கொடுக்க வேண்டும். அது புது வாக்காளருக்கான படிவம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் நிரப்புவது.

முந்தாநாள் நான்தான் உட்கார்ந்து நிரப்பினேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், "நான் ஊருல இல்லைன்னு யாரு சொன்னா? பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்களே" என்றார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை முகாமுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அண்ணே, நீங்களும் வாங்க. வரிசையில் எங்களோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, அந்தக் கருத்தை பெரியம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.