கேரம் போர்டு: 32 அங்குலம் என்பது எந்த அளவு?

ஒரு நண்பர் “32 அங்குல போர்டு வாங்குங்கள், அதுதான் போட்டி அளவு” என்று எழுதியிருக்கிறார். அது சரியில்லை. கடைக்காரர் பெரும்பாலும் சொல்வது சுற்றியுள்ள மரச்சட்டத்தையும் சேர்த்த வெளி அளவு. போட்டி விதி கேட்பது சட்டத்துக்குள்ளே இருக்கும் ஆடுபரப்பு, அது 29 அங்குலம் (74 செ.மீ.). சட்டம் பக்கத்துக்கு 3 அங்குலம் என்றால் 32 அங்குல போர்டில் ஆட மிஞ்சுவது 26 தான். அதே சட்டத்தோடு 29 வேண்டுமானால் வெளியே 35 வர வேண்டும்.

கையோடு ஒரு டேப் கொண்டுபோய் உள்பக்கம் அளந்து பாருங்கள். பிளைவுட் 8 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அப்புறம் ஸ்ட்ரைக்கரை ஓங்கி அடித்தும் பாருங்கள். சட்டத்தில் மோதி இரண்டாவது முறை திரும்பும்போதே அது சோர்ந்து நின்றால் அந்த போர்டை விட்டுவிடலாம். குழந்தைகள் மட்டும் ஆட 26 போதும், ஆனால் அதைப் போட்டி அளவு என்று நம்பி வாங்காதீர்கள்.