கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

எங்கள் ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். சென்னிமலைக் கைத்தறிக் காலத்தைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஆசையாகச் செல்போனிலேயே எழுதி அச்சகத்துக்கு அனுப்பினேன். புரூஃப் வந்தது. ‘கொங்கு’ வரும் இடத்திலெல்லாம் கொம்பு தனியாக, கால் தனியாக நிற்கிறது. பெரியவர்களின் பேச்சை அப்படியே பிடித்திருந்தேனே, அந்த வரிகளைப் படிக்கவே முடியவில்லை. வயிறு எரிந்தது.

காரணம் தெரிந்ததுதான். செல்போனில் நாம் தட்டுவது யூனிகோடு, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை. அதில் ‘கொ’ என்றால் முதலில் க, அதன் பிறகுதான் ஒகரக் குறி. பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, க, கால் என்று தட்ட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கொஞ்சம் பிசகினாலும் போச்சு.

“எங்க சிஸ்டத்துல இந்த ஃபான்ட்தானுங்க வரும், நீங்களே பாத்துத் திருத்திக் குடுத்துருங்க” என்கிறார் அச்சகக்காரர். ஏனுங்க, சரியாக எழுதிக் கொடுத்ததை நான் எதற்குத் திருத்த வேண்டும்? கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010 ஜூனிலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் தமிழ் எப்போதோ ஒழுங்காக வரத் தொடங்கிவிட்டது. ஆஃப்செட் மெஷினைப் புதுசாக மாற்றுகிறவர்கள் இந்தப் பழைய ஃபான்ட்டை மட்டும் ஏன் அப்படியே வைத்திருக்கிறார்கள்?

எழுதும்போது வந்த சந்தோஷமெல்லாம் எழுத்து எழுத்தாகச் சரிபார்ப்பதிலேயே கரைகிறது. மலர் வேலை எடுக்கும் அச்சகத்தார் தயவுசெய்து யூனிகோடுக்கு மாறுங்கள்.