சம்பளம் கேட்டால் சமூக அக்கறை இல்லையா?

"சேவை செய்ய வந்தியா, சம்பளத்துக்கு வந்தியா?" தொண்டு நிறுவனங்களில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வி காதில் விழாதவர்கள் இருக்க மாட்டார்கள். இரண்டுக்கும்தான் வந்தோம் சார். வீட்டு வாடகை, பிள்ளைக்கு ஃபீஸ், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எதுவும் எனக்குச் சேவையாக வருவதில்லையே.

நான் வேலை பார்த்தது தென் மாவட்டத்தில் ஒரு நிறுவனம். பெயர் வேண்டாம், சொன்னால் இன்னும் அங்கே இருப்பவர்களுக்குத்தான் அடி விழும். திண்டுக்கல் சுற்றுவட்டாரத்து நூற்பாலைகளில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகளுக்காக வேலை செய்தோம். மூன்று வருடம் ஹாஸ்டலில் அடைத்துப்போட்டு, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறேன் என்று சொல்லி நடந்த சுமங்கலித் திட்டக் கொடுமைகள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஊர் ஊராகப் போய் அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து, நியமன உத்தரவைக் கேட்டு வாங்கு, சம்பளச் சீட்டைப் பத்திரமாக வை, பிஎஃப் பிடிக்கிறார்களா பார், பாலியல் தொல்லைப் புகார்க் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேள் என்று சொல்லிக் கொடுத்தோம். சொல்லிக் கொடுத்த எங்களில் பாதிப் பேருக்கு நியமன உத்தரவே கிடையாது! சம்பளச் சீட்டு என்ற ஒன்றை என் கண்ணால் பார்த்ததில்லை. பிஎஃப்பில் 12 சதவீதம் நம் பங்கு, 12 சதவீதம் நிறுவனத்தின் பங்கு என்று மில் பிள்ளைகளிடம் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிட்டு வந்தால், எங்கள் அலுவலகத்தில் இரண்டு பங்கையும் எங்கள் சம்பளத்திலேயே பிடித்தார்கள். அப்படிப் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். கேட்டதற்கு, "ப்ராஜெக்ட்ல அதுக்கு லைன் ஐட்டம் இல்லம்மா" என்று பதில், அதாவது பட்ஜெட்டில் அதற்குத் தொகை ஒதுக்கவில்லையாம்.

இதைவிட எரிச்சல், திருப்பிக் கொடுக்கும் கதை. நிதி கொடுக்கும் ஃபண்டருக்குக் காட்டும் பட்ஜெட்டில் களப்பணியாளருக்கு ஒரு தொகை இருக்கும். அது முழுசாக நம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், தணிக்கையில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். அடுத்த வாரமே ஏடிஎம்மில் எடுத்து ஒரு பகுதியை அக்கவுண்டண்ட் மேஜையில் வைக்க வேண்டும், அதற்கு நன்கொடை ரசீது போட்டுத் தருவார்கள், அந்த ரசீதுகளைக் கூட்டி 'உள்ளூர்ப் பங்களிப்பு' என்று அதே ஃபண்டருக்குக் கணக்குக் காட்டுவார்கள். கொடுக்காதவருக்கு அடுத்த ப்ராஜெக்ட்டில் பெயர் இருக்காது. இதை நன்கொடை என்று எப்படி மனசறிந்து எழுதுகிறார்கள்?

இதற்கெல்லாம், தொண்டு நிறுவனங்கள் வெளிநாட்டுப் பணம் வாங்குவதைக் கட்டுப்படுத்தும் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைக் காரணம் காட்டுவார்கள். 2020 திருத்தத்தில் நிர்வாகச் செலவு உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது உண்மை. பெரிய நிறுவனம் வாங்கிச் சின்ன நிறுவனத்துக்குப் பகிர்ந்து கொடுப்பதையும் நிறுத்தினார்கள், அதில் கிராமத்து நிறுவனங்கள் பல நொடித்துப் போயின, நல்ல களப்பணியாளர்கள் வேலை இழந்தார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த விதியை எடுத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். நிர்வாகச் செலவு என்றால் என்னென்ன என்ற பட்டியலில் முதலில் வருவதே நிர்வாகக் குழு உறுப்பினர்களின் சம்பளமும் பயணச் செலவும்தான். அங்கே கை வைத்தார்களா? டைரக்டர் கார் அப்படியே இருந்தது, டெல்லி விமானப் பயணம் அப்படியே இருந்தது. கிராமத்துக்குச் சொந்த டூவீலரில் போய் வரும் எங்களுக்குப் பெட்ரோல் காசு மட்டும் நின்றது.

வேலை நேரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. மகளிர் குழுக் கூட்டம் சாயங்காலம்தான் போட முடியும், நூறு நாள் வேலைக்கும் காட்டு வேலைக்கும் போய்விட்டு வந்து சோற்றை வடித்து வைத்த பிறகுதான் பெண்கள் வந்து உட்காருவார்கள். கூட்டம் முடிந்து நாம் வீடு சேர இரவு ஒன்பது, பத்து ஆகும். மறுநாள் காலை ஒன்பதரைக்குக் கைரேகை வைக்கவில்லை என்றால் அரைநாள் சம்பளம் போச்சு. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் டைரக்டர் ஒரு செய்தி போட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வர வேண்டும், வராவிட்டால் திங்கட்கிழமை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டு. வயதில் மூத்த ஒரு அக்காவை, இருபது வயதுப் பிள்ளைகள் பார்க்க, "உனக்கெல்லாம் ரிப்போர்ட் எழுதத் தெரியுமா" என்று கேட்டார். அந்த அக்கா எத்தனை குழந்தைத் திருமணங்களைத் தடுத்தவர் தெரியுமா? வீட்டு வாசலில் கல்லெறி வாங்கியவர்.

என்னோடு வேலை பார்த்த பெண் கர்ப்பமானதும் பேறுகால விடுப்புக் கேட்டார். பத்துப் பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடம், 26 வாரம் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். "உன்ன நம்பி இருக்குற பொண்ணுங்கள விட்டுட்டு ஆறு மாசம் போயிருவியா?" என்று கேட்டார்கள். பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. பெண்கள் உரிமைக்கு என்று நிதி வாங்கும் நிறுவனம் இது!

புகார்க் குழு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி மில்லில் அமைக்கும் குழுவில் வெளி உறுப்பினராகத் தொண்டு நிறுவனத்துக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள், எங்கள் ஆட்களே போய் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் அலுவலகக் குழுவுக்குத் தலைவர் யார்? டைரக்டரின் மனைவி. அவர் அங்கே ஊழியர்கூட இல்லை. டைரக்டரின் உறவுக்காரர் ஒருவர் மேல் புகார் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? டிரஸ்டிகளிடம் போகலாம் என்றால் மச்சினன், மகன், பழைய நண்பர், அவ்வளவுதான் டிரஸ்ட். மகன் இப்போது நிர்வாக இயக்குநர், ஒரு நாள்கூட ஒரு கிராமத்துத் திண்ணையில் உட்காராதவர்.

இது சின்ன ஊரில் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் என்ற உலக மனித உரிமை அமைப்பில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த ஆய்வாளர் ஒருவர் 2018இல் பாரிஸ் அலுவலகத்தில் உயிரை விட்டார், வேலைச் சுமையையும் நிர்வாகம் கைவிட்டதையும் எழுதி வைத்துவிட்டு. 2019இல் வந்த ஆய்வறிக்கை அந்த அமைப்பின் வேலைச் சூழல் நஞ்சாகிக் கிடந்ததைச் சொன்னது. அங்கே வெளியாளை வைத்து விசாரித்து வெளியிடவாவது செய்தார்கள். இங்கே கேள்வி கேட்டால், "நாம எல்லாம் ஒரே குடும்பம், வீட்டு விஷயத்த வெளிய பேசலாமா" என்பார்கள். எந்தக் குடும்பத்தில் மூத்த பிள்ளைக்குக் கஞ்சியும் மருமகனுக்குக் கறிச்சோறும் போடுகிறார்கள்?

இப்போது இன்னொரு கதவும் அடைபட்டுவிட்டது. தொண்டு நிறுவனமும் 'தொழில்' என்ற வரையறைக்குள் வரலாம் என்ற 1978 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்துத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று ஒரு வாய்ப்பு இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் 'தொழில்' என்ற வரையறையிலிருந்தே தொண்டு நிறுவனங்களை எடுத்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள், எங்களிடம் பயிற்சி எடுத்த மில் பிள்ளைக்கு வழக்குப் போட இருக்கும் வழி எங்களுக்கு இல்லை.

ஃபண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வருகிற அன்று அலுவலகம் கழுவிக் கோலம் போட்டிருக்கும், யார் என்ன பேச வேண்டும் என்று முந்தின நாளே ஒத்திகை நடந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். டைரக்டரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு டிரைவரையும் களப்பணியாளரையும் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். அவர்கள் பாஸ்புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், சம்பளம் ஏறிய மறுவாரம் எவ்வளவு எடுத்திருக்கிறார்கள், எதற்கு எடுத்தார்கள் என்று கேளுங்கள்.