அது வேதாகம வசனம் அல்ல
‘தனக்குத் தானே உதவுகிறவனுக்கே கடவுள் உதவுவார்’ என்பது வேதாகம வசனம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதைப் பகிர்ந்திருக்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்த வசனம் வேதாகமத்தில் எங்குமே இல்லை.

அமெரிக்க எழுத்தாளரும் அரசியல் தலைவருமான பெஞ்சமின் பிராங்க்ளின் 1736ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட பஞ்சாங்கத்தில் அந்த வரி இருக்கிறது. கருத்து அதைவிடப் பழையது. ஈசாப் கதையில் வண்டி சேற்றில் சிக்கியதும் வண்டிக்காரன் பலசாலித் தெய்வமான ஹெர்குலிஸை உதவிக்கு அழைக்கிறான். ‘முதலில் உன் தோளைச் சக்கரத்துக்குக் கொடு’ என்று பதில் வருகிறது.

உழைப்பு வேண்டாம் என்று வேதாகமம் சொல்லவில்லை, சரி. ஆனால் நன்மையும் ஆனந்தமும் எங்கிருந்து வருகின்றன என்பதில் அது வேறு திசையைக் காட்டுகிறது. சங்கீதம் 16:11 ‘உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தமும்’ உண்டு என்கிறது. அதாவது, ஆனந்தம் அவர் அருகில் இருப்பதில் கிடைப்பது. நாம் முட்டி மோதிச் சம்பாதிப்பது அல்ல. எபேசியர் 2:8 இரட்சிப்பை ‘இது உங்களால் உண்டானதல்ல’ என்றே சொல்கிறது. தன்னால் முடியவில்லையே என்று சோர்ந்து உட்கார்ந்திருப்பவரிடம் அந்தப் பஞ்சாங்க வரியை வசனமென்று நீட்டினால், அவருக்குத் திறந்திருக்கும் கதவையே மூடிவிடுகிறோம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்களே சரிபார்க்கலாம். கைப்பேசியில் உள்ள எந்தத் தமிழ் வேதாகமச் செயலியிலும் ‘தனக்குத் தானே’ என்று தேடுங்கள், அப்புறம் ‘உதவி’, ‘சகாயம்’ என்றும் தேடிப் பாருங்கள். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு சொல் மாறும், ஆகவே இரண்டு பதிப்புகளிலாவது பாருங்கள். மேலே சொன்ன இரண்டு வசனங்களையும் அதே செயலியில் அதிகாரம் முழுக்க வாசியுங்கள்.