கரண்டியில் காய்ச்சிய பூண்டு எண்ணெய்

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தி போட்டிருந்தார்: "சித்தப்பாவுக்குக் காலைல எழுந்ததுலேருந்து வலது காது கேக்கல. அடைச்ச மாதிரி இருக்காம்." பத்து நிமிடத்தில் ஆறு பேர் பதில் சொல்லிவிட்டார்கள். ஆறும் ஒன்றுதான்: நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, நாலு சொட்டு விடு.

எனக்குப் பகீரென்றது. மூன்று வருடம் முன்பு அப்பாவுக்கு ஒரு காது இப்படிக் கேட்காமல் போனபோது நாங்கள் செய்ததும் இதையேதான்.

அம்மா குழிக்கரண்டியில் எண்ணெய் காய்ச்சுவார். பூண்டு சிவந்ததும் இறக்கி, தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அதன் பிறகுதான் அப்பா காதில் விடுவார். அவ்வளவு பக்குவம். பன்னிரண்டு நாள் இப்படியே போனது. "லேசா திறக்குது" என்று அப்பா சொன்னதெல்லாம் எங்கள் மனசுக்காக. சளி அடைப்புதான் என்று அடித்துச் சொன்னது நான்.

பதின்மூன்றாம் நாள் காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்தார். காதில் குறும்பியே இல்லை. ட்யூனிங் ஃபோர்க் என்கிற, தட்டினால் ரீங்காரமிடும் உலோகக் கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்து, "எந்தப் பக்கம் கேக்குதுங்க ஐயா?" என்றார். அப்பா நல்ல காதைத் தொட்டுக் காட்டினார். வெறும் அடைப்பாக இருந்தால் அடைத்த காதில்தான் அந்தச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். நல்ல பக்கம் கேட்டால் பழுது உள்காதில்.

எண்ணெய் குறும்பியை இளக்கும், மறுக்கவில்லை. ஆனால் செவிப்பறையைத் தாண்டி அது போகாது. பறையில் ஓட்டை இருந்து உள்ளே இறங்கினால் சீழ் பிடிக்கலாம். ஒலியை வாங்குகிற சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் அதற்கும் உள்ளே, நத்தைக்கூடு போன்ற உறுப்பில் இருக்கின்றன. செத்த செல் திரும்ப முளைக்காது. மூன்று நாளுக்குள் சட்டென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரத்துக்குள், எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது என்று கொடுக்கிறார்கள். சிலருக்கு மருந்தில்லாமலே திரும்பிவிடும். அந்தப் பெயரையும் எண்ணெய்தான் வாங்கிக்கொள்கிறது.

அப்பாவுக்கு மாத்திரை கொடுத்தார்கள், பிறகு காதுக்குள்ளேயே ஊசியும் போட்டார்கள். கொஞ்சம்தான் திரும்பியது. "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னு புரியல" என்கிறார்.

நேற்று குழுவில் நான் எதுவும் எழுதவில்லை. நேரே சித்தியைக் கூப்பிட்டேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "அதை இறக்கி வச்சுட்டு ஆட்டோ கூப்பிடுங்க சித்தி" என்றேன். இன்று காலை ஆடியோகிராம் (கேட்கும் திறனை அளக்கும் சோதனை) எடுத்து மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். திரும்பக் கேட்குமா என்பது இனிமேல்தான் தெரியும்.