பால்பவுடர் டின்னும் கன்றுக்குட்டியின் வாளியும்

துபாயில் வேலை பார்க்கும் என் மச்சான் விடுமுறைக்கு மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கும்போதெல்லாம் அவருடைய அட்டைப்பெட்டியில் இரண்டு பெரிய பால்பவுடர் டின்கள் கட்டாயம் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுத் தொழுவத்தில் மூன்று கறவை மாடுகள் நிற்கின்றன. இருந்தும் டின் பாலில் போட்ட டீ என்றால் அம்மாவுக்குத் தனி மதிப்பு. சென்ற ஆண்டு ஒரு டின்னின் அடியில் பவுடர் கட்டிதட்டிப் போயிற்று, தேதியும் தாண்டியிருந்தது. வீணாக்க மனமில்லாமல் அம்மா அதைக் கரண்டியால் சுரண்டி, வெந்நீரில் கரைத்து, தவிட்டோடு கலந்து கன்றுக்குட்டியின் வாளியில் ஊற்றினார். கன்று வாளியை நக்கித் தீர்த்தது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால், வெளிநாட்டுப் பால் பொருட்களுக்கு நம் அரசு ஏன் கால்நடைச் சுகாதாரச் சான்றிதழ் கேட்கிறது என்பது அந்த வாளியைப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது.

இந்தச் சட்டம் பழையது. 1898ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டம் முதலில் உயிருள்ள கால்நடைகளைப் பற்றியே பேசியது. 2001இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் பால், இறைச்சி போன்ற கால்நடைப் பொருட்களும் அதற்குள் வந்தன. வணிகத்துக்காகப் பால் பொருட்களைக் கொண்டுவருபவர், சரக்கு கப்பலேறுவதற்கு முன்பே மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறையிடம் சுகாதார இறக்குமதி அனுமதி பெற வேண்டும். ஏற்றுமதி செய்யும் நாட்டின் அரசு கால்நடை அதிகாரி கையொப்பமிட்ட சான்றிதழும் சரக்குடன் வர வேண்டும். மச்சானின் அட்டைப்பெட்டிக்கு இவை எதுவும் கிடையாது. பயணிகளுக்கான சுங்க அறிவிப்புப் படிவத்தில் பால் பொருட்களும் இடம்பெற்றுள்ளன என்பதே அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

சரக்கோடு சரக்காக நோயும் பயணம் செய்யும் என்பதை உலகம் கற்றுக்கொண்டதில் நம் நாட்டு மாடுகளுக்கும் ஒரு பங்கு உண்டு. 1920இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு அனுப்பப்பட்ட திமில் மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நின்றபோது, அவற்றிடமிருந்து அந்நாட்டு மாடுகளுக்கு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) பரவியது. அந்த அதிர்ச்சியின் விளைவாகவே 1924இல் 28 நாடுகள் சேர்ந்து பாரிஸில் இன்றைய உலக விலங்கு நல அமைப்பைத் தொடங்கின. அந்த வெக்கை நோய் இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது நம் வடஆற்காட்டில், 1995இல். உலகத்திலிருந்தே அது ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது.

இன்று பாலைப் பொறுத்தவரை பெரிய அச்சம் கோமாரி. நோய் கண்ட மாட்டின் பாலில் அந்தக் கிருமி இருக்கும். வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே பாலில் வந்துவிடவும் கூடும். அதனால்தான் உலக விலங்கு நல அமைப்பின் விதிகள், மனிதர் குடிக்கும் பாலில் அந்தக் கிருமியை அழிக்க 132 டிகிரி செல்சியஸில் குறைந்தது ஒரு விநாடி சூடேற்ற வேண்டும் என்கின்றன. 72 டிகிரியில் 15 விநாடி என்னும் வழக்கமான முறையானால், பாலின் அமிலத்தன்மை அதற்கு ஏற்றதாக இல்லாதபோது இரண்டு முறை சூடேற்ற வேண்டும். 2025 ஜனவரியில் ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் சில எருமைகளுக்கு, 1988க்குப் பிறகு முதன்முறையாக, கோமாரி வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வரும் பயணிகள் தங்கள் பைகளில் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுவருவதையே தடை செய்தது. 2001இல் கோமாரிக்காக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று குவித்த நாடு அது, சூடுபட்ட பூனை.

இந்தியச் சான்றிதழில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. பால் தந்த மாடுகளுக்கு, அசைபோடும் விலங்குகளின் உள்ளுறுப்பு, இரத்தம், திசு ஆகியவற்றிலிருந்து தயாரித்த தீவனம் ஒருபோதும் கொடுக்கப்பட்டிருக்கக் கூடாது. அமெரிக்கா 2003 முதல் குறை சொல்லிவருவது இதைத்தான். நான் இந்த நிபந்தனையை ஆதரிக்கிறேன். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் சோளத்தட்டையும் போட்டு மாடு வளர்க்கும் என் அம்மாவிடம், மாட்டுக்கு மாட்டின் இரத்தத்தைத் தின்னக் கொடுப்பார்கள் என்று சொன்னால் அவர் அன்று சாப்பிட உட்கார மாட்டார். ஆனால் இதை நோய்த் தடுப்பு என்ற பெயரில் வாதாடுவது தவறு. ‘மேட் கவ்’ எனப்படும் பித்து மாட்டு நோய் அத்தகைய எலும்பு, இறைச்சித் தூள் தீவனத்தால் பரவியது உண்மை. எனினும் பால் வழியாக அது பரவும் என்று உலக விலங்கு நல அமைப்பு கருதவில்லை, பாலைப் பாதுகாப்பான பொருட்களின் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. இது எங்கள் மக்களின் உணர்வு, இதற்கு மதிப்புக் கொடுங்கள் என்று நேரடியாகச் சொல்வதே நேர்மை. அறிவியல் ஆதாரம் காட்டாமல் நோயைக் காரணம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் கோழி வழக்கு இருக்கிறது. பறவைக் காய்ச்சலைச் சொல்லி இந்தியா விதித்த தடையை எதிர்த்து அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் 2012இல் தொடுத்த வழக்கில், 2015இல் மேல்முறையீட்டிலும் நாம் தோற்றோம்.

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் காலையில் கேனோடு வரிசையில் நிற்பவர்கள் இந்தச் சான்றிதழ் இருப்பதால்தான் பால் விலை நிற்கிறது என்று நம்புகிறார்கள். விலையைக் காக்கும் வேலையை வெளிப்படையாகச் செய்வது இறக்குமதி வரி. பால்பவுடருக்கு 60, வெண்ணெய்க்கு 40, பாலாடைக்கட்டிக்கு 30 சதவீதம். சான்றிதழ் காக்க வேண்டியது தொழுவத்தை. இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டால், வர்த்தகப் பேச்சுவார்த்தையில் ஒன்றை அவிழ்க்கும்போது மற்றதும் சேர்ந்து அவிழும்.

அந்தத் தொழுவத்தை உள்ளூரில் நாம் காக்கும் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரி ஊசி இலவசமாகப் போடுகிறார்கள். காதில் பன்னிரண்டு இலக்க வில்லையும் மாட்டுகிறார்கள். ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுபவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. வாரச்சந்தையிலிருந்து நாங்கள் பிடித்து வந்த ஒரு சிந்துக் கலப்பு மாடு மூன்றாம் நாள் நூல் நூலாக எச்சில் ஒழுக்கியபடி நின்றது, குளம்பிடுக்கில் புண். எட்டு லிட்டர் கறந்தது இரண்டு லிட்டராயிற்று. வாய்க்கு மஞ்சளும் கேப்பைக் கூழுமாகப் பதினைந்து நாள் அம்மா அதனோடு கிடந்தார். வாங்கும்போது அதன் காதில் வில்லை இருந்ததா என்று நாங்கள் பார்க்கவேயில்லை. முதல் இரண்டு நாள் பாலை வழக்கம்போல் சொசைட்டியில் ஊற்றியும் விட்டோம்.

மச்சான் தை மாதம் வருகிறார். இந்த முறை டின் வேண்டாம் என்று போனில் சொன்னேன். அன்றிலிருந்து அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.