லிங்கின் பார்க் எனக்கு எப்போது விட்டுப்போனது

"இப்ப லிங்கின் பார்க் கேக்கிறேல்லையோ?" என்று நேற்று ஒரு நண்பன் கேட்டான். ஒரு காலத்தில் அந்த அமெரிக்க ரொக் குழுவைப் பற்றிய பேச்சை என்னிடம் எடுக்கவே பயப்படுவார்கள், அவ்வளவு அலட்டுவேன். இல்லை, கேட்பதில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

2003. யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்து ஒரு வருடம். கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன் திரும்பிப் போகும்போது ஒரு டிஸ்க்மனும் இரண்டு சீடியும் விட்டுப்போனான். ஹைப்ரிட் தியரி, மெட்டியோரா. கிளிநொச்சி வட்டக்கச்சியில் எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, இரண்டு பென்ரோச் பற்றரி வாங்க அம்மாவிடம் இரண்டு நாள் கெஞ்ச வேண்டும், அதனால் அந்த அல்பங்கள் ஒவ்வொன்றும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதே பெரிய உதவி. ஆங்கிலம் விளங்காது. மைக் ஷினோடா ஒரு பக்கம் சொற்களை அடுக்கிக்கொண்டு போவார், மறுபக்கத்திலிருந்து செஸ்டர் பெனிங்டன் தொண்டை கிழியக் கத்துவார். அந்த இரண்டு குரலும் மோதுகிற இடம்தான் எனக்கு அந்தக் குழு. (அம்மா "ஆரைப் பேசுறான் இவன்?" என்பார். உண்மையில் இரண்டு அல்பத்திலும் ஒரு கெட்ட வார்த்தை இல்லை!)

2007இல் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு செய்த மினிட்ஸ் டு மிட்நைட் அல்பத்தில் ஷினோடா ராப் பண்ணியது இரண்டே பாட்டில். அது என் கைக்கு வந்ததே முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு, வவுனியாவில் ஒரு கொமினிகேஷன் கடையில் போன் சிப்பில் அடித்துத் தந்தார்கள். நல்ல பாட்டுகள்தான், மோதல்தான் இல்லை.

சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். 2010இல்தான் விட்டுப்போனது. எ தௌசண்ட் சன்ஸ், அணுகுண்டையும் யுத்தத்தையும் சுற்றிய அல்பம், நடுவில் அணுகுண்டு செய்த விஞ்ஞானி ஓப்பன்ஹைமரின் குரல்கூட வரும். மீள்குடியேறி, தகரக் கொட்டிலுக்குள் படுத்துக்கொண்டு கேட்டேன். யுத்தத்தைப் பற்றிய பாட்டு என்றால் எனக்குத்தானே முதலில் ஒட்ட வேண்டும்? ஒட்டவில்லை. அழகாகச் செய்திருக்கிறார்கள், அதுதான் எரிச்சலாக இருந்தது. யாரோடு கோபம் என்றே தெரியாமல் கத்திய அந்தப் பழைய பாட்டுகளுக்குள் என் கோபத்தை வைக்க இடம் இருந்தது, இதற்குள் இல்லை.

தனித்தனியாகச் செய்தவற்றில் ஷினோடாவின் ஃபோர்ட் மைனர் பிடிக்கும். செஸ்டரின் டெட் பை சன்ரைஸ் ஒரு தரம் கேட்டால் போதும்.

2017 மே மாதம் ஒன் மோர் லைட் வந்தபோது "சீனிப்பாகு" என்று இங்கேயே எழுதி நக்கலடித்தேன். ஜூலை 20ஆம் திகதி செஸ்டர் இறந்துபோனார். பதிவை அழித்தேன். பிறகு திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தேன், குற்ற உணர்ச்சி வந்தது, பாட்டு பிடிக்கவில்லை.

இப்போது செஸ்டரின் இடத்தில் எமிலி ஆம்ஸ்ட்ரோங் பாடுகிறார், 2024இல் ஃப்ரம் ஸீரோ என்ற அல்பமும் வந்தது. மருமகன் போனை நீட்டி, "மாமா, இது உங்கட குறூப்தானே, கேளுங்கோ" என்றான். எமிலி நன்றாகவே கத்துகிறார், குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று பாட்டுக் கேட்டேன். அப்புறம் மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்க மோட்டார் போட எழும்பிப் போய்விட்டேன். அவன் நாலாவது பாட்டைச் சத்தமாக வைத்தான்.